காலனி இருண்டபோது எடுத்த படம்

எங்கள் வரிசையில் எட்டு பிளாக்குகள். ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. எங்களுடையது ஐந்தாவது பிளாக்கின் மேல்வீடு. டெல்லி ஆர்.கே.புரத்தை ஒட்டிய அந்தப் பழைய அரசுக் குடியிருப்பை இடித்துவிட்டு உயரமான அடுக்குமாடிகள் கட்டப்போவதாக, என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே பேச்சு இருந்தது. அதனால் ஒரு தீபாவளி முடிந்த வாரம் படிக்கட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியபோது யாரும் பெரிதாக நம்பவில்லை. டிசம்பரில் முதல் டெம்போ வந்து நின்றது. எட்டாவது பிளாக்கில் இருந்த பஞ்சாபிக் குடும்பம் கிளம்பியது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மூன்று டெம்போக்கள் வந்தன.

ஒரு வீடு காலியானால் மறுநாளே பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரர்கள் வந்து கதவு, ஜன்னல், குழாய் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஜன்னல் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பொத்தல் மிஞ்சும். ஒரு பிளாக் முழுசாகக் காலியானதும் அங்கே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். பிப்ரவரி பிறக்கும்போது எங்கள் வரிசையில் மூன்று குடும்பங்கள் மட்டும் இருந்தோம்.

என் கணவர் இதையெல்லாம் முன்னறை ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு வேலை இல்லை. மத்திய அரசில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு கோப்பில் இருந்த அவருடைய கையெழுத்தைப் பற்றி விசாரணை வந்து, அவரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். மேலதிகாரி வாயால் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு கேட்டபோது, தான் அப்படிச் சொல்லவேயில்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

முதல் வாரம் வழக்கம்போல் காலையில் நடக்கப் போனார். பால் பூத்தில் யாரோ ஒருவர், ஒன்றும் தெரியாமல்தான், “என்ன சார், லீவா?” என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவர் அப்புறம் வெளியே போகவில்லை. மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கிருத்திகை தவறாமல் போகிறவர் அதையும் விட்டார். போன் வந்தால் எடுக்கமாட்டார். கம்ப்யூட்டரைத் திறக்கமாட்டார். அவருடைய மெயிலைப் பார்ப்பதும், விசாரணை பற்றி ஏதாவது வந்திருந்தால் சொல்வதும் என் பொறுப்பாயிற்று. நான் லோதி ரோட்டில் ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோகிராஃபர். மாலை ஆறரைக்குள் நான் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஏழு ஆனால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். நெஞ்சில் ஒன்றும் இல்லை, பயம்தான் என்று டாக்டர் சொன்னார். பயம் என்று தெரிந்துவிட்டதால் அது குறைந்துவிடவில்லை.

இப்படி ஒரு வீட்டில் டெலஸ்கோப் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அது சஸ்பெண்ட் ஆவதற்கு முந்தைய கதை. மகள் வேலை கிடைத்துப் பெங்களூர் போன வருஷம், எனக்கு நாற்பத்தேழு வயது. அலுவலகத்தில் ஒரு பையன் வாரக் கடைசியில் வானம் பார்க்கப் போகும் ஒரு குழுவைப் பற்றிச் சொன்னான். ஒருமுறை அவர்களோடு உத்தராகண்ட் மலைக்குப் போனேன். பனியில் போர்வை போர்த்திக்கொண்டு, யாரோ ஒருவருடைய டெலஸ்கோப்பில் கண் வைத்தேன். எனக்குக் கணக்கு வராது, அறிவியல் பத்தாவதோடு சரி. ஆனால் இதைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது. அடுத்த ஒன்றரை வருஷத்தில் பழைய சாமானாகத் தேடித் தேடி வாங்கினேன். என் முழங்கை நீளத்தில் ஒரு டெலஸ்கோப். அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ள இன்னொன்று, உள்ளங்கை நீளத்தில். பெரியது படம் எடுக்கும். சின்னது ஒரு நட்சத்திரத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்து, அது நழுவினால் மோட்டாருக்குச் சொல்லும். பூமி சுற்றுவதற்கு ஈடுகொடுத்து இரண்டையும் மெதுவாகத் திருப்ப ஒரு கனமான மவுண்ட். குளிரூட்டும் வசதியுள்ள கேமரா.

எல்லாம் சேர்ந்த மாதம் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அமாவாசை வரும்போதெல்லாம் குழுவில் செய்தி வரும். “ஆன்ட்டி, இந்தத் தடவை சீட் இருக்கு, வர்றீங்களா?” நான் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் எழுதினேன். பிறகு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

டெல்லி வானத்தில் என்ன தெரியும்? நிலா தெரியும், வியாழன் தெரியும். மற்றபடி தெருவிளக்கின் வெளிச்சம் புகையில் பட்டு, மேலே பழுப்பும் ஆரஞ்சுமாக ஒரு மூடி. ஆனால் குழுவில் ஒருவர் எனக்கு ஒரு வழி சொன்னார். வானத்தில் வாயு மேகங்களாக இருக்கும் நெபுலாக்களில் சில எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. சாகும் தறுவாயில் நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயு, ஹைட்ரஜனுடைய ஒரு சிவப்பிலும் ஆக்ஸிஜனுடைய ஒரு நீலப்பச்சையிலும் மட்டும் ஒளிரும். அந்த ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் தடுக்கும் ஃபில்டரைப் போட்டால் நகரத்திலிருந்தும் எடுக்கலாம் என்றார். நான் எதை எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும், “அது வேணாம், ரொம்ப மங்கல், டெல்லியிலேருந்து வராது” என்றார்.

நான் ரோஷத்தில் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் மொட்டைமாடியில் தெற்கே வேப்பமரம், கிழக்கே ஓட்டல் கட்டடத்தின் விளக்கு, மேற்கே மேம்பாலம். வடக்கில் மட்டும் ஒரு பெரிய ஜன்னல் அளவுக்கு வானம் இருந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த இடத்துக்கு லிங்க்ஸ் என்ற நட்சத்திரக் கூட்டம் வரும். அதற்குள் இந்த நெபுலா இருந்தது. வட்டமான வளையம், இரண்டு பக்கமும் சற்றுத் தடித்து, ஹெட்ஃபோன் மாதிரி இருக்கும் என்பார்கள். வேறு எதையும் எடுக்க எனக்கு வானம் இல்லை.

முதல் வருஷம் பதினோரு மணி நேரம் எடுத்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம், அந்தப் படங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். சாம்பல் நிறம்தான் வந்தது. சாம்பலுக்கு நடுவே லேசாக ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் இருந்தது, இல்லை என்று நினைத்தால் இல்லை.

இரண்டாம் வருஷம்தான் காலனி காலியாகத் தொடங்கியது.

பிப்ரவரி முதல் வாரம், மாடியில் தார்ப்பாயை விலக்கி எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, சோதனைக்கு ஒரே ஒரு படம் எடுத்தேன். லேப்டாப்பில் பின்னணி வெளிச்சத்தின் எண் போன வருஷத்தில் பாதிகூட இல்லை. ஃபில்டரில் ஏதோ கோளாறு என்று கழற்றித் துடைத்து மறுபடி எடுத்தேன். அதே எண். அப்புறம்தான் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று பிளாக்குகளும் இருட்டு. எதிர் வரிசை முழுக்க இருட்டு. பூங்காவைச் சுற்றி இருந்த கம்பங்களிலும் விளக்கு இல்லை. துருவ நட்சத்திரம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷத்தில் அதை மாடியிலிருந்து நான் பார்த்ததில்லை.

போன் அடித்தது. கீழே வீட்டிலிருந்து அவர்.

“எப்ப வர்றே?”

“இப்பதானே வந்தேன். அரைமணி ஆகட்டும்.”

“கீழ யாரோ நடக்கிற மாதிரி சத்தம் கேட்குது.”

“நாயா இருக்கும். கதவு பூட்டியிருக்குல்ல?”

“பூட்டியிருக்கு. நீ வா.”

அரைமணிக்கு ஒருமுறை இப்படி. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் நான் நகர முடியும், ஏனென்றால் பழைய மாடி, நடந்தால் அதிரும், நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். அதனால் ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்து, படம் முடிந்த சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி, படியிறங்கி, அவருக்கு முகத்தைக் காட்டிவிட்டு, மறுபடி மேலே போவேன். ஒரு மாலையில் ஏழெட்டு முறை. அவர் என்னை மேலே போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நிலா இல்லாத நாட்களில் ஆக்ஸிஜன் ஃபில்டர், நிலா இருந்தால் ஹைட்ரஜன் ஃபில்டர். பகலில் தூரத்துப் பிளாக்குகளை இடிக்கிற தூசி வந்து கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் நிறமாகும். சாயங்காலம் காற்று நின்றால் அது அடங்கும். அடங்காத நாட்களில் கண்ணாடியில் படியும் என்று டெலஸ்கோப்பைத் திறக்கவே மாட்டேன். மார்ச் இரண்டாம் வாரத்தில் கையில் பதினேழு மணி நேரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தூங்கும்போது எல்லாவற்றையும் சேர்த்தேன். இருட்டுக்குள் அமுங்கிக் கிடக்கும் சின்ன வித்தியாசத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்துப் பெரிதாக்கும் ஒரு முறை உண்டு. அதைச் செய்ததும் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு வளைவு எழுந்து வந்தது. முழு வட்டம் இல்லை. மேல்பக்கத்தில் பிறை மாதிரி, செங்கல் நிறத்தில். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது. நாற்பது மணி நேரம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஏப்ரல் கடைசிக்குள் முடித்துவிடலாம்.

அந்த வாரம் புதன்கிழமை அவருடைய மெயிலில் கடிதம் வந்தது. லோதி ரோடு பக்கம் எங்களுக்கு மாற்று வீடு. தரைத்தளம். பின்னால் சின்னத் தோட்டம். என் அலுவலகத்துக்கு நடந்து போய்விடலாம். பத்து நாளைக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் முறை தள்ளிப்போகும்.

நான் அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் என் மேஜையில் உட்கார்ந்து படித்தேன். நானும் அவரும் இரண்டு வருஷமாக அடைந்து கிடக்கும் அந்த வீட்டிலிருந்து வெளியேற வந்த கடிதம் அது. பத்து நாள் முன்னால் வந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். என் மனதில் முதலில் எழுந்தது, லோதி ரோட்டில் தெருவிளக்குகள் எப்படி எரியும் என்பதுதான். தரைத்தளம் என்றால் மேலே இருப்பவர்கள் மாடிக்கு விடுவார்களா என்பது இரண்டாவது. அவர் எப்படியும் புது இடத்துக்கு வரமாட்டார், அங்கே பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் அவருடைய இலாகா ஆட்களாக இருப்பார்கள், கேட்டாலே மூச்சு வாங்கும் என்பது கடைசியாக வந்தது. ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அந்தக் கடைசிதான். அவர் நல்லதுக்காகத்தான் சொல்லவில்லை என்று நம்பிக்கொண்டேன்.

கடிதத்தைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டேன். அன்று மாலை, “ஏதாவது வந்ததா?” என்று வழக்கம்போல் கேட்டார். விசாரணையைத்தான் கேட்கிறார். “ஒண்ணும் வரலை” என்றேன். விசாரணை பற்றி ஒன்றும் வரவில்லைதானே.

பத்து நாளில் எட்டு நாள் வானம் நன்றாக இருந்தது. கெடு முடிந்த மாலை நான் மாடியில் இருந்தேன். ஆக்ஸிஜன் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் கடைசியில் முதல் பிளாக்கில் இருந்த பெங்காலிக் குடும்பமும் போயிற்று. அதற்குப் பிறகு முழு வரிசைக்கும் நாங்கள் இரண்டே பேர். கேட்டில் இருந்த பீகார் காவலாளி நான் அலுவலகத்திலிருந்து வரும்போதெல்லாம், “மேடம் ஜி, ஆப் லோக் கப் ஜாயேங்கே?” என்று கேட்பார். எப்போது போவீர்கள்? “ஜல்தி”, சீக்கிரம், என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பேன். இருட்டில் வீட்டுக்கு வரும் வழியில் செங்கல்லும் கம்பியும் கிடக்கும். சோறு போட ஆள் இல்லாத தெருநாய்கள் ஏழெட்டு எங்கள் படிக்கட்டில் வந்து படுத்துக்கொண்டன. குரங்குகள் பகலில் காலி வீடுகளின் ஜன்னல் பொத்தல்களில் உட்கார்ந்திருந்தன. மகள் வீடியோ காலில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, “ம்மா, நீங்க ரெண்டு பேரும் பாகல் ஆயிட்டீங்களா, பைத்தியமா? அப்பா வரமாட்டார்னா தூக்கிட்டுப் போ” என்றாள். “அவர் எங்கேடி கேட்கிறார்” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை என்பது இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. தரை தோண்டும் இயந்திரம் எங்கோ குழாயை உடைத்திருந்தது. மூன்று நாள் நான் பக்கெட்டில் கேட்டிலிருந்து தண்ணீர் சுமந்தேன். மூன்றாம் நாள் மாலை இரண்டாவது நடையில் படியேறி வந்தபோது, அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு வெளியே. செருப்புப் போட்டிருந்தார்.

“அதைக் கொடு” என்று பக்கெட்டை வாங்கினார். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்: “இங்க இனிமே இருக்க முடியாது. எங்கேயாவது போயிடலாம். நமக்கு இன்னும் வீடு ஒதுக்கலையா? நீ ஒரு லெட்டர் டைப் பண்ணு, நான் கையெழுத்துப் போடறேன்.”

கையெழுத்துப் போடுகிறேன் என்று அவர் சொல்லி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பக்கெட் சுமந்த கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். “ஒதுக்கினாங்க” என்றேன். “போன மாசம் வந்தது. லோதி ரோடு. நான் பதில் போடலை. போயிடுச்சு.”

“ஏன்?”

“நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆயிரம் கோப்புகளைப் படித்த மனுஷன். எந்த வரி பின்னால் எழுதிச் சேர்த்தது என்று அவருக்குத் தெரியும்.

“என்னைக் கேட்டியா?”

“இல்லை.”

“அப்ப அது காரணம் இல்லை.”

நான் மாடியைக் காட்டினேன். “அது இன்னும் முடியலை” என்று மட்டும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. “ஆபீஸ்ல எல்லாரும் எங்கிட்ட மறைச்சாங்க. யாரோ ஒருத்தர் சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். வீட்டிலயும் அதேதான்” என்றார். அப்புறம் எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கும் வானம் தெளிவாக இருந்தது. பழக்கத்தில் மாடிக்குப் போனேன். எல்லாவற்றையும் ஓடவிட்டு உட்கார்ந்தேன். அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. இந்த அமைதிக்காகத்தான் இரண்டு மாதமாக ஏங்கியிருந்தேன். பன்னிரண்டு படங்கள் வரிசையாக, ஒரு கோடு இழுபடாமல் வந்தன. பதின்மூன்றாவதை நடுவில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன். அவர் விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்குப் போன் செய்வதில்லை என்று பிடிவாதமாக, தனியாக அதைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவருடைய கால்மேல் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

மறுநாள் டெலஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். மொத்தம் முப்பத்தொரு மணி நேரம். அவர் சொன்னபடி கடிதம் டைப் செய்தேன், அவர் கையெழுத்துப் போட்டார், நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முறை தள்ளிப்போய்விட்டதால் காத்திருக்கத்தான் வேண்டும் என்றார்கள்.

மே முழுக்கவும் ஜூனில் பாதியும் அங்கேயே இருந்தோம். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பத்தைந்து டிகிரி வெயில், தண்ணீருக்கு டேங்கர், கூலரில் ஊற்றத் தண்ணீர் இல்லாததால் அனல்காற்றை அப்படியே முகத்தில் அடிக்கும் கூலர். புழுதிப்புயல் வந்தால் காலி வீடுகளில் எஞ்சியிருந்த தகரங்கள் ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளும். லிங்க்ஸ் இருட்டும்போதே வடமேற்கில் மேம்பால வெளிச்சத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தூசியில் அதையும் பார்க்க முடியவில்லை. முன்பு மாடி ஏறினால் எனக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது நான் அடைத்துவைத்த இடத்தில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர் என்னிடம் தேவைக்குப் பேசினார். தண்ணீர் வந்ததா, சாப்பாடு ஆயிற்றா. மற்றபடி அவருடைய மெயிலை இனி அவரே பார்ப்பதாகச் சொல்லிக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். புதியது என்ன என்று நானும் கேட்கவில்லை.

ஜூன் நடுவில் இரண்டாவது கடிதம் வந்தது. நகரத்தின் இன்னொரு மூலையில், பதினான்கு மாடிக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடி. தோட்டம் இல்லை, என் அலுவலகம் ஒன்றரை மணி நேரம். அவரே சம்மதம் அனுப்பினார். டெம்போ வந்த அன்று, படுத்திருந்த நாய்களுக்கு அவர் நான்கு பாக்கெட் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார்.

புது வீட்டில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து படத்தை முடித்தேன். நாற்பதுக்கு முப்பத்தொன்றுதான் இருந்தது, அதை வைத்து என்ன வருமோ அது. மேலே செங்கல் சிவப்பில் தடித்த பிறை, கீழே அதைவிட மெலிந்த இன்னொன்று, நடுவில் புகை மாதிரி நீலப்பச்சை. கீழ்ப்பக்கம் இடதுபுறத்தில் வளையம் மூடவில்லை, அங்கே மணல் தூவினாற்போல் புள்ளிகள். ஒன்பது மணி நேரம் குறைந்த இடம் அது. நட்ட நடுவே ஊசிமுனை அளவுக்கு நீலமாக அந்த நட்சத்திரம்.

பின்னால் அவர் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“இதுதானா?”

“இதுதான்.”

“ஒத்தைப் படத்தைக் காட்டு.”

ஒன்றைத் திறந்தேன். கறுப்பு, சில நட்சத்திரங்கள், அவ்வளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “இதுல ஒண்ணுமே இல்லையே.”

“ஒண்ணுல தெரியாது. எல்லாத்தையும் சேர்க்கணும்.”

“ஒவ்வொண்ணுலயும் இல்லாதது, சேர்த்தா மட்டும் எப்படி வரும்? நீயா வரவழைச்சதா இருக்கலாமே?”

அலுவலகத்தில் ஒரு குறிப்பு அவர் மேஜைக்கு வந்தால் கேட்கிற குரல் அது. வெகுநாள் கழித்துக் கேட்டேன். நான் விளக்கினேன். கேமராவின் இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் விழும், சேர்க்கச் சேர்க்க அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். வளையத்தின் வெளிச்சம் எத்தனை படம் எடுத்தாலும் அதே இடத்தில்தான் விழும், அதனால் அது கூடிக்கொண்டே போகும். அவர் நம்பவில்லை. பாதிப் படங்களை மட்டும் சேர்த்துக் காட்டச் சொன்னார். மீதிப் பாதியைத் தனியாகச் சேர்க்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் அதே இடத்தில் அதே வளைவு, இன்னும் மங்கலாக. நெடுநேரம் பார்த்துவிட்டு, “அச்சா” என்றார். அதற்காக அந்தத் தரைத்தள வீட்டை விட்டது சரி என்று அவர் சொல்லவில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை.

விசாரணை அடுத்த வருஷம் முடிந்தது. ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது, அந்த ஐந்து மாதமும் மெட்ரோவில் போய்வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

போன அக்டோபரில் குழுவினர் மலைக்குக் கிளம்பினார்கள். இந்த முறை நானே எழுதிக் கேட்டு ஒரு சீட் வாங்கினேன். அவரிடம் சொன்னபோது, “மூணு நாள்தானே, போயிட்டு வா” என்றார். பெட்டி கட்டினேன். வெள்ளிக்கிழமை மாலை வண்டி வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, எனக்குக் கால் எழவில்லை. அவர் நன்றாகத்தான் இருந்தார், டீ போட்டுக்கொண்டிருந்தார். நான்தான், கதவைத் தாண்டி மூன்று நாள் போவது என்றதும், கட்டிய பெட்டியைக் கொண்டுபோய் உள்ளறையில் வைத்தேன். உடம்பு சரியில்லை என்று குழுவுக்குச் செய்தி போட்டேன். அவரிடம், “அங்கே மேகமாம், ரத்து பண்ணிட்டாங்க” என்றேன்.

திங்கட்கிழமை காலை அவர்கள் எடுத்த படங்கள் வந்தன. மூன்று நாளும் அங்கே துண்டு மேகம் இல்லை. அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“மேகம் இல்லை. நான்தான் போகலை” என்றேன். “பயமா இருந்தது.”

இடது கையால் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தார். கடைசிப் படம் வரைக்கும் பார்த்துவிட்டு, “எதுக்குப் பயம்?” என்று கேட்டார்.

“தெரியலை.”

“எனக்கும் தெரிஞ்சதில்லை” என்றார். பிறகு, சட்னி இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.